வானத்தைக் காட்டித் தடுத்து வைத்த நாட்கள்

என் மனைவி வாசுகியின் வேலை மற்றவர்களுக்கு இரத்தம் எடுப்பது. மெல்பேர்னின் மேற்கே ஒரு பரிசோதனை நிலையத்தில் பதினொரு வருடம் அதைச் செய்தாள். நரம்பு பிடிபடாத வயதானவர்கள் அவள் எந்த நாளில் வேலைக்கு வருவாள் என்று கேட்டுவிட்டு வருவார்கள். ஒருநாள் காலை, ஒருவரின் மேற்கையில் கட்டிய இறுக்குப் பட்டியை அவளால் கழற்ற முடியவில்லை. வலது கட்டைவிரல் கொளுவியை அமர்த்தவில்லை. இடது கையால் கழற்றிவிட்டு அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

அன்று அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்து, நான் வேலையால் வந்தபோது வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். திறப்பு கதவுப் பூட்டில் செருகியபடி இருந்தது.

"என்ரை விரலுக்கு என்னவோ செய்யுதப்பா. திருப்பேலாமக் கிடக்கு."

மணிக்கட்டில் நரம்பு நசிந்திருக்கலாம் என்றார் குடும்ப மருத்துவர். இரண்டு மாதம் கைக்குப் பட்டை போட்டாள். அந்த இரண்டு மாதத்தில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்தது. முழங்கைக்குக் கீழே தோலுக்குள் ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. சட்டியில் விட்ட மீன்குஞ்சு போல. சோற்றைப் பிசைந்துகொண்டு நான் அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

பிறகு நரம்பியல் மருத்துவர், ஸ்கான், முதுகுநீர்ப் பரிசோதனை, தசைமின் பரிசோதனை (தசைக்குள் ஊசி செலுத்தி மின்துடிப்பை அளப்பது) என்று நான்கு மாதம் போனது. தசைமின் பரிசோதனை முடிந்து வெளியே வந்தபோது, "ஊசி போட்டவர் நல்லாப் போட்டார்" என்றாள். அவள் அதைத்தான் கவனித்திருக்கிறாள்.

நரம்பியல் மருத்துவர் எங்கள் வயதுப் பெண். அன்று அவர் கணினியைப் பார்க்கவில்லை. கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு எங்களுக்கு எதிரே இருந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

எம்.என்.டி. (மூளையின் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக இறந்துபோகும் நோய்). கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சை இழுக்கும் தசை. நிறுத்த மருந்தில்லை. கொஞ்சம் தாமதப்படுத்தும் ஒரு குளிசை இருக்கிறது.

வாசுகி இரண்டு கேள்விகள்தான் கேட்டாள். எவ்வளவு காலம் என்பது முதலாவது. பலருக்கு இரண்டு மூன்று வருடம், சிலருக்குக் கூடவும் இருக்கலாம் என்றார் மருத்துவர். இரண்டாவது, கண் போகுமா என்பது.

"கண் அசைவு பெரும்பாலும் கடைசி வரை இருக்கும். உணர்ச்சியும் இருக்கும். தொட்டால் தெரியும், வலித்தால் தெரியும். யோசனையும் அநேகமாக அப்படியே இருக்கும்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். கார் நிறுத்துமிடத்தில் வாசுகி சொன்னாள்: "எல்லாம் தெரியும், ஆனா ஒண்டும் செய்யேலாது. அப்பிடித்தானே?"

நான் அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

இந்த நோய் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், மருத்துவமனையில் தரும் கையேடுகள் உங்களிடம் இருக்கும். அவற்றில் உள்ளவற்றை நான் திரும்ப எழுதவில்லை. அவற்றில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். நான் என் மனைவியை ஏமாற்றி உயிரோடு வைத்திருந்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அது ஏமாற்றுத்தான்.

முதல் வருடம் முடிவதற்குள் வாசுகி சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். ட்ருகனினாவில் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த நான் வேலையைப் பாதியாகக் குறைத்தேன். எங்கள் ஒரே மகள் அபி பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். விரிவுரை இல்லாத நாட்களில் அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள்.

சாப்பாடு போராட்டமாகிவிட்டது. புட்டையும் சொதியையும் கூழாக அடித்துத் தேக்கரண்டியால் ஊட்டுவேன். தேத்தண்ணிக்குக்கூட ஒரு மாவைக் கலந்து தடிப்பாக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு கோப்பை உணவுக்கு ஒரு மணித்தியாலம். நாலு வாய்க்கு ஒருமுறை புரைக்கேறும். முகம் கறுத்துப்போகும்.

மருத்துவர் இரைப்பைக் குழாய் (வயிற்றில் சிறு துளையிட்டு உணவை நேரே இரைப்பைக்குள் செலுத்தும் குழாய்) வைத்துக்கொள்ளச் சொன்னார். மூச்சுப் பலம் இருக்கும்போதே வைக்க வேண்டும், பிந்தினால் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, இரண்டு மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்றார். வாசுகி அங்கேயே வேண்டாம் என்றாள். அப்போது அவளுடைய பேச்சு குழறத் தொடங்கியிருந்தது, ஆனால் அந்தச் சொல் தெளிவாக வந்தது.

வீட்டுக்கு வந்து நான் கெஞ்சிப் பார்த்தேன்.

"வாயாலை சாப்பிடேலாட்டி விடுங்கோ. குழாயாலை ஊத்தி என்னத்துக்கு?"

"அபிக்காகவாவது, வாசுகி."

"அபிக்கு இதைப் பாக்கிறது நல்லதே?"

அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

மே மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. குசினியில் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். கோப்பையில் பாதி மிச்சம். வெளியே போன அபி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, பிறிங் அம்மா அவுட்சைட். ஸ்கை முழுக்க பிங்க்."

பின் கதவுக்குச் சரிவுப்பலகை அப்போது போட்டிருக்கவில்லை. வாசுகியைக் கம்பளியால் சுற்றி, நாற்காலியின் முன் சில்லைத் தூக்கிப் படியைத் தாண்டவைத்தோம். டார்னெய்ட்டில் எங்கள் பின்வளவு சிறியது. ஒரு சீமெந்துத் தளம், உடுப்புக் கொடி, மூன்று பக்கமும் பலகை வேலி. வேலிக்கு மேலே தெற்கு வானம் சிவந்திருந்தது.

வெரிபீ பக்கம் ஏதோ பெரிதாக எரிகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் புகை இல்லை. சிவப்பு கீழே இருந்து மேலே போகவில்லை, வானத்திலேயே நின்றது. பிறகு அதற்குள் வெள்ளைக் கோடுகள் எழும்பின. மெல்ல இடமாக நகர்ந்தன. யாரோ பெரிய திரைச்சீலையைப் பிடித்து ஆட்டுவதுபோல முழு வானமும் ஒருமுறை அசைந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. ஐந்தாறு பேர் இருப்பார்கள், ஒரு சத்தம் இல்லை.

"அரோரா, அம்மா," என்றாள் அபி. தென்துருவ ஒளி. சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால், அதிலிருந்து கிளம்பும் துகள்கள் பூமியின் காற்றில் மோதி இப்படி ஒளிரும் என்றாள். மெல்பேர்னில் வீட்டில் இருந்தபடி, அதுவும் நகர வெளிச்சத்துக்குள் வெறுங்கண்ணால் இப்படிக் காண்பது மிக அரிது என்று பிறகு வாசித்தேன்.

வாசுகியின் கழுத்து நிற்கவில்லை. தலை மார்பில் விழுந்து கிடந்தது. அவளுக்குக் கம்பளிதான் தெரிந்திருக்கும். நான் பின்னால் நின்று, ஒரு கையால் நாடியையும் மறு கையால் நெற்றியையும் பிடித்து முகத்தை மேலே நிமிர்த்தினேன். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணித்தியாலம் இருக்கும். என் தோள் நடுங்கத் தொடங்கியது. அவளுடைய தாடை என் உள்ளங்கைக்குள் அசைந்தது.

"முதல்... ஷெல்லடியோ எண்டு நினைச்சன்," என்றாள். ஊரில் சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்த இரவுகளில் வானம் இப்படித்தான் சிவக்கும். அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒளி மங்கி மறுபடி எழும்பியது. இம்முறை உச்சிவரை வந்தது. வாசுகியின் கன்னம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அந்த நேரம் நான் நோயை மறந்தேன் என்று எழுத ஆசை. மறக்கவில்லை. கையில் அவளுடைய தலையின் பாரம் இருந்தது. ஆனால் அந்தப் பாரத்தோடு வேறொன்றும் இருந்தது. அவள் உயிரோடு இருப்பது கவலையாக இல்லாமல் வெறும் சந்தோஷமாக இருந்த நேரம், அந்த மூன்று வருடத்தில் எனக்குத் தெரிந்து அதுதான்.

உள்ளே கொண்டுவந்து கம்பளியை எடுக்கும்போது அவள் கேட்டாள்: "அடுத்தது எப்ப?"

எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாளே தேடத் தொடங்கினேன். துருவ ஒளி சொல்லிக்கொண்டு வராது. ஆனால் வேறு பல விஷயங்கள் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். ஒக்டோபரில் ஒரு வால்வெள்ளி வரவிருந்தது. பல்லாயிரம் வருடங்களில் ஒருமுறை சூரியனைச் சுற்றிப் போகிற ஒன்று. மாலையில், மேற்கு அடிவானத்துக்கு மேலே. எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. எதிரே கட்டிக்கொண்டிருந்த வீடுகள் வெறும் மரச்சட்டங்களாக நின்றன. அதற்கப்பால் வெட்டைவெளி.

"ஒக்டோபரிலை வால்வெள்ளி ஒண்டு வருதாம். வாசல்லை இருந்தே பாக்கலாம்," என்றேன்.

"ஒக்டோபருக்கு இன்னும் கன நாள் கிடக்கு."

"குழாயை வைச்சா இருப்பீர்."

அவள் என்னை நிறைய நேரம் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அந்தச் சரியை வைத்து அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் சொன்னேன். அவள் மனம் மாறிவிடும் என்று பயம். குழாய் எதற்கு, அதற்குப் பிறகு வரும் மாதங்கள் எப்படி இருக்கும் என்று அவளோடு இருந்து கதைக்கவே இல்லை.

யூலையில் குழாய் வைத்தார்கள். ஐந்தாம் நாள் துளையைச் சுற்றிச் சிவந்து சீழ் கட்டியது. இரண்டு கிழமை மருத்துவமனை. துணி மாற்றும்போது அவளால் உதறவோ கத்தவோ முடியாது. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வடியும். அதை நான் துடைப்பேன். உணர்ச்சி கடைசி வரை இருக்கும் என்று மருத்துவர் சொன்னதன் பொருள் எனக்கு அந்த வார்டில்தான் விளங்கியது.

செப்டெம்பரில் பேச்சு முற்றாக நின்றது. கண்ணசைவால் எழுதும் கருவி ஒன்று கொடுத்தார்கள். திரையில் உள்ள எழுத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தால் அது பதியும். ஆங்கில எழுத்துத்தான். வாசுகி தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாள். கருவி அதை ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணின் குரலில் வாசிக்கும். "தண்ணி" என்பது வேறு ஏதோ மொழிபோலக் கேட்கும். குரலை நிறுத்திவிட்டுத் திரையை வாசிக்கப் பழகினோம்.

ஒக்டோபர் வந்தது. மூன்று மாலை முகில். நாலாம் நாள் வானம் வெளித்தது. வாசுகியைச் சாய்வு நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்தோம். முகத்தில் மூச்சுக்கவசம் (மூக்கையும் வாயையும் மூடிக் காற்றை உள்ளே தள்ளும் முகமூடி). அதன் இயந்திரம் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது, பற்றரியில் ஓடியது.

சூரியன் விழுந்து அரை மணித்தியாலம் கழிந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அபி ஃபோனைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். வெள்ளிக் கிரகத்தைத்தான் கண்டோம். என்ன சொல்லி உள்ளே கொண்டுபோவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, லுக் அட் அம்மா," என்றாள் அபி.

வாசுகியின் கண்கள் ஓரிடத்தில் நிலைத்திருந்தன. நான் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, என் கன்னத்தை அவளுடைய முகமூடியோடு ஒட்டவைத்து, அவள் பார்க்கும் திசையில் பார்த்தேன். எதிர்வீட்டு மரச்சட்டத்தின் வலது மூலைக்கு மேலே, ஈர விரலால் இழுத்த கோடு மாதிரி ஒன்று நின்றது. அடியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நேரே மேலே எழும்பும் வெளிறிய வால். ஒருமுறை கண்டுபிடித்த பிறகு அதைக் காணாமல் இருக்க முடியவில்லை.

கைகால் வழங்கும் இரண்டு பேருக்கும் தெரியாததை அவள்தான் கண்டாள். அபி அழுதாள். நான் அழவில்லை. இயந்திரம் காற்றைத் தள்ளும் சத்தம் என் காதுக்குள் கேட்டது, அவளுடைய நெஞ்சு ஏறி இறங்கியது. வால்வெள்ளி மரச்சட்டத்துக்குள் மெல்ல இறங்கிப் போகும் வரை அப்படியே இருந்தோம்.

அந்தக் கிழமையே நான் அடுத்த வருடத்தைத் தேடினேன். செப்டெம்பரில் முழுச் சந்திரகிரகணம். இன்னும் பதினொரு மாதம். மூச்சுக்கவசம் அதுவரை போதாது என்றார் மருத்துவர். தொண்டையில் துளையிட்டு இயந்திரத்தோடு நிரந்தரமாக இணைத்தால் போகலாம், ஆனால் நாள் முழுக்கப் பராமரிப்பு வேண்டும், அவருக்கு அதுதான் விருப்பமா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் வாசுகியிடம் கேட்டது அப்படி இல்லை. ஃபோனில் சிவந்த சந்திரனின் படத்தைக் காட்டி, "செப்டெம்பரிலை இப்பிடி வரும்" என்றுதான் தொடங்கினேன்.

அவள் கண்களை மூடினாள். திறந்து, திரையைப் பார்த்தாள். எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. முடிய ஏழெட்டு நிமிடம் எடுத்தது.

'வானத்தைக் காட்டி என்னை வைச்சிருக்காதேங்கோ.'

எனக்குக் கோபம் வந்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை. உமக்காகத்தானே செய்தனான் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நான் வெளியே போய்க் காருக்குள் இருந்துவிட்டு வந்தேன். வந்தபோது திரையில் இன்னொரு வரி இருந்தது.

'எனக்குத் தெரியும். பாத்தது நல்லது. போதும்.'

கட்டிலோரம் இருந்து கேட்டேன். "அப்ப, குழாய் வைச்சதும் பிழையோ?"

அவள் யோசித்தாள். எனக்கு ஆறுதலாக எதையாவது எழுதுவாள் என்று நினைத்தேன்.

'பாதி பிழை.'

இருபத்திரண்டு வருடத்தில் அவள் எனக்குப் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒன்றையும் தேடவில்லை. அவள் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை மருத்துவருக்கு முன்னால் தானே எழுதினாள். அபியிடமும் தானே சொன்னாள். தொண்டைத் துளை வேண்டாம். இனி மருத்துவமனை வேண்டாம். மூச்சுக்கவசத்தை எந்த நாளில் கழற்றுவது என்று நானே சொல்லுவேன். அவள் எழுதிக்கொண்டிருந்த ஒன்றரை மணித்தியாலமும் நான் பக்கத்தில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அந்த மூன்று வருடத்தில் நான் செய்த எல்லாவற்றிலும் கஷ்டமானது அதுதான்.

இதை வாசிக்கும் பராமரிப்பாளருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நோயாளிக்கு ஆசை காட்டலாம். அந்த ஆசையைச் சிகிச்சைக்கான ஒரு சம்மதக் கையெழுத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். வால்வெள்ளியை நான் அவளுக்குக் குழாய் இல்லாமலும் காட்டியிருக்க வேண்டும். அல்லது குழாயைப் பற்றி வால்வெள்ளி இல்லாமல் கதைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் மாதத்தில், கவசத்தைக் கழற்றும் நாளைச் சொன்னாள். வலி தணிப்புத் தாதி (குணமாக்க முடியாத நோயில் வேதனையைக் குறைக்கும் பயிற்சி பெற்றவர்) அன்று காலை பத்து மணிக்கு வந்தார். தோலுக்கடியில் வைத்த மெல்லிய ஊசி வழியாக மோர்ஃபினும் உறக்க மருந்தும் கொடுத்தார். அபி காலடியில் இருந்தாள்.

மருந்து ஏறுவதற்கு முன் வாசுகி திரையைத் தேடினாள். நான் நெருங்கிப் போனேன். பெரிதாக ஏதோ எழுதப்போகிறாள் என்று நினைத்தேன்.

'மூக்குக் கடிக்குது.'

கவசத்தைக் கொஞ்சம் தூக்கி மூக்கைச் சொறிந்து விட்டேன். போதுமா என்று கேட்டேன். கண்ணை மேலே தூக்கினாள். ஓம் என்று அர்த்தம். அவள் கடைசியாக எழுதியது அதுதான்.

கவசத்தைக் கழற்றியபின் நாற்பது நிமிடம். மூச்சு சிறிதாகி, இடைவெளி கூடி, ஒரு இடைவெளி முடியவேயில்லை. தாதி இயந்திரத்தை நிறுத்தினார்.

செப்டெம்பரில் அந்தக் கிரகணம் வந்து போனது. அபி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சிவப்பா இருந்தது என்றாள். நான் போகவில்லை.

வாசுகி போய் மூன்றாம் நாள் கட்டிலை எடுக்க வாடகை நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். காற்று மெத்தையின் மோட்டாரை நிறுத்தினார். அது அடங்கிய பிறகுதான் இவ்வளவு காலமும் வீட்டுக்குள் ஒரு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. கட்டிலின் மறுபக்கத்தைப் பிடிக்க முடியுமா என்று கேட்டார். குனிந்து பிடித்தேன்.

"திருப்பப் போறன்," என்றது என் வாய்.

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன்.

கடைசி மாதங்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் தோல் புண்ணாகும். அபியும் நானும் முறை வைத்துக்கொண்டோம். தொடுமுன் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன்.

இப்போது கிடங்கில் முழுநேரம் வேலை. சாப்பிடுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன். ஒவ்வொரு மிடறும் தொண்டையைத் தாண்டும்போது எனக்குத் தெரிகிறது. முன்பு தெரிந்ததில்லை. ஒரு நாள் என்பது எனக்குக் காலையும் மாலையுமாகப் பிரியவில்லை. இரண்டு இரண்டு மணித்தியாலமாகத்தான் போகிறது. எந்தக் களைப்பிலும், அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடுகிறது. செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இடப்பக்கம் கிடந்தால் வலப்பக்கம் திரும்புகிறேன். முழங்கை ஊன்றுகிறது, இடுப்பு எழும்புகிறது, கால் தானாகத் தொடர்கிறது. திரும்பி முடித்தபின், அது நடந்துவிட்டதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.